தாவரவியல் படித்தவர் நகரம் திட்டமிடலாமா? பேட்ரிக் கெடிஸ் போன பாதை

கேள்வி: "பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன். நகரமைப்பு, வட்டாரத் திட்டமிடல் இவற்றில் ஆய்வு செய்து பேராசிரியராக வேண்டும் என்று ஆசை. ஆர்க்கிடெக்சரோ சிவிலோ படிக்காதவர்களுக்கு அங்கே வேலை இல்லை என்கிறார்கள். உண்மையா? இந்தத் துறையில் ஒரு கல்வியாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?"

உங்களிடம் அப்படிச் சொன்னவர்களுக்கு, இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர் தாவரவியல் பேராசிரியர் என்பது தெரிந்திருக்காது. அவர் பெயர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். 1888 முதல் 1919 வரை டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் செடி கொடிகளைப் பற்றிப் பாடம் நடத்தியவர். அதே காலத்தில் எடின்பரோவின் சேரிச் சந்துகளைச் சீர்படுத்தினார், தஞ்சாவூர்க் கோட்டைக்குள் தெருத் தெருவாக நடந்து அறிக்கை எழுதினார், இந்தூரில் பிளேக்கை எதிர்த்து ஊரையே திரட்டினார். பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கினார், இன்றைய இஸ்ரேலில் இருக்கும் டெல் அவிவ் நகரத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தார். உங்கள் கேள்விக்கு பொதுவாகப் பதில் சொல்வதைவிட, இவர் ஒருவருடைய வாழ்க்கையை விரிவாகச் சொல்வது பயன்படும் என்று நினைக்கிறேன். உங்களைப் போலவே செடியிலிருந்து ஊருக்கு வந்தவர் அவர். அவர் செய்த வேலையின் முக்கியமான பகுதி நம் ஊர்களில்தான் நடந்தது.

1854-ல் பிறந்தார். அப்பா ராணுவத்தில் இருந்தவர். வளர்ந்தது பெர்த் என்ற சிறு நகரத்தில். 20 வயதில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார், ஒரே வாரத்தில் பிடிக்காமல் விட்டுவிட்டார். நேராக லண்டனுக்குப் போய், டார்வினுக்காக மேடை மேடையாக வாதாடிய தாமஸ் ஹக்ஸ்லியிடம் மாணவரானார். நாலு வருடம் அங்கே படித்தும் பட்டம் என்று எதையும் வாங்கவில்லை. (இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம். இன்றைக்கு முனைவர் பட்டம் இல்லாமல் பல்கலைக்கழகத்தில் நிலைக்க முடியாது.)

அங்கிருந்து 1878-ல் பிரான்சுக்குப் போனார். கடல் உயிரினங்களை ஆராயத்தான் போனார், ஆனால் பாரிசில் வேறொன்று அவரைப் பிடித்துக்கொண்டது. ஃபிரெடெரிக் லெ ப்ளே என்ற சுரங்கப் பொறியாளர், தொழிலாளர் குடும்பங்களை வீடு வீடாகப் போய் ஆராய்ந்து ஒரு முறையை உண்டாக்கியிருந்தார். ஒரு குடும்பம் எந்த இடத்தில் வாழ்கிறது, அந்த இடம் அதற்கு என்ன தொழிலைக் கொடுக்கிறது, அந்தத் தொழில் குடும்பத்தை எப்படி உருவாக்குகிறது என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை அது. ஓர் உயிரியல் மாணவனுக்கு இது உடனே புரிந்துவிட்டது. சூழல், அதில் உயிர் செய்யும் செயல், அதன் விளைவாக உருவாகும் உயிர் என்று அவர் அதுவரை படித்ததும் இதுதானே. இடம், தொழில், மக்கள் என்ற இந்த மூன்றையும் கெடிஸ் சாகும்வரை விடவில்லை.

அடுத்த வருடம் மெக்சிகோவுக்கு ஆய்வுப் பயணம் போனபோது கண் நோய் வந்து பார்வை போனது. வாரக்கணக்கில் இருட்டறையில் கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தார். பார்வை திரும்பியது, ஆனால் மைக்ராஸ்கோப்பில் நாள் முழுக்கக் கண்ணை வைத்திருக்கும் வேலை இனிமேல் சரிப்படாது என்று ஆகிவிட்டது. அந்த இருட்டறையில்தான் காகிதத்தைக் கட்டம் கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தைக் கொடுத்து, விரலால் தடவிப் பார்த்து யோசிக்கும் பழக்கம் அவருக்கு வந்தது. மேலே இடம், தொழில், மக்கள். பக்கத்திலும் அதே மூன்று. குறுக்கும் நெடுக்குமாக வரும் ஒன்பது கட்டங்களில் உலகத்தையே அடுக்கப் பார்த்தார். பிற்காலத்தில் இந்தக் கட்டங்கள் பெருகி, கேட்பவர்களைக் குழப்பியதும் உண்டு.

அவருடைய நகரமைப்பு வேலை வரைபலகையில் தொடங்கவில்லை, குடியிருந்த வீட்டில் தொடங்கியது. 1886-ல் அன்னா மார்ட்டனைக் கல்யாணம் செய்துகொண்டார். வசதியான புதுநகரத்தில் இருந்த இருவரும், அடுத்த வருடமே எடின்பரோவின் பழைய நகரத்தில் ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்துக்குக் குடிபோனார்கள். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வாழ்ந்து, பிறகு கைவிடப்பட்டு, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று நெருக்கியடித்துக் கிடந்த மாடிக் குடியிருப்பு அது. முதலில் தங்கள் வீட்டைச் சுத்தம் செய்தார்கள், பிறகு பொதுப் படிக்கட்டை. சுவர்களுக்கு வெள்ளையடித்து, ஜன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள். அண்டை அயலாரும் சேர்ந்துகொண்டார்கள். அதன்பின் பக்கத்துக் கட்டடங்களை ஒவ்வொன்றாக வாங்கிப் பழுதுபார்த்து, மாணவர்கள் தாங்களே நிர்வகிக்கும் விடுதிகளாக மாற்றினார். பல்கலைக்கழகத்தையும் சேரியையும் ஒரே சந்தில் குடிவைத்தார் என்று சொல்லலாம். பின்னாளில் பழைய நகரத்தில் இருந்த காலியிடங்களை எல்லாம் கணக்கெடுத்துச் சின்னச் சின்னத் தோட்டங்கள் போட்டார்கள். அந்த வேலையை அவர் மகள் நோரா முன்னின்று நடத்தினார்.

சம்பளத்துக்கு என்ன செய்தார் என்று கேட்பீர்கள். 1888-ல் எடின்பரோவின் தாவரவியல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. ஜேம்ஸ் மார்ட்டின் ஒயிட் என்ற செல்வந்த நண்பர், டண்டியில் அவருக்கென்றே ஒரு தாவரவியல் பேராசிரியர் பதவியை நிதி கொடுத்து உருவாக்கினார். வருடத்தில் கோடைப் பருவத்தில் மட்டும் பாடம் நடத்தினால் போதும் என்பது ஏற்பாடு. மீதி ஒன்பது மாதமும் அவருடையது. பிற்பாடு இதே ஒயிட், லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சமூகவியலுக்கு ஒரு பதவியை ஏற்படுத்தினார். 1907-ல் அதுவும் கெடிஸுக்குக் கிடைக்காமல் ஹாப்ஹவுஸ் என்பவருக்குப் போனது. கெடிஸின் வேலையைப் பார்த்தவர்களுக்கு அவர் எந்தத் துறைக்காரர் என்று சொல்லத் தெரியவில்லை, பதவி கொடுக்கும் குழுக்களுக்கும் தெரியவில்லை. துறைகளுக்கு நடுவே நிற்பவர்களுக்கு இன்றும் இது நடக்கிறது. நீங்களும் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

1892-ல் எடின்பரோ கோட்டைக்குப் போகும் தெருவில் ஒரு பழைய கோபுரக் கட்டடத்தை எடுத்து, அவுட்லுக் டவர் என்று பெயர் வைத்தார். அதை அருங்காட்சியகம் என்றும் சொல்லலாம், ஆய்வுக்கூடம் என்றும் சொல்லலாம். உச்சியில் ஒரு கேமரா அப்ஸ்க்யூரா: இருட்டறையில் ஒரு வெள்ளை மேசை மீது, கூரையில் உள்ள கண்ணாடியும் லென்சும் நகரத்தின் நடமாடும் பிம்பத்தை அப்படியே இறக்கும். வருகிறவர்களை முதலில் அங்கே அழைத்துப்போய் ஊரைக் காட்டுவார். பிறகு ஒவ்வொரு தளமாக இறங்க வேண்டும். எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, கடைசியில் தரைத்தளத்தில் உலகம். வட்டாரத் திட்டமிடல் என்று இன்று நாம் பாடமாக நடத்துவதன் கரு இந்தப் படிக்கட்டில் இருக்கிறது. எந்த ஊரையும் அதன் நகராட்சி எல்லையோடு நிறுத்திப் பார்க்காதே, அதைச் சுற்றியுள்ள வட்டாரத்தோடு சேர்த்துப் பார் என்பதுதான் அவர் சொன்னது.

இதையே ஒரு படமாகவும் வரைந்து வைத்தார். மலை உச்சியிலிருந்து கடற்கரை வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? மேலே சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், வேட்டைக்காரர், சரிவில் ஆடு மேய்ப்பவர், கீழே உழவர், தோட்டக்காரர், கரையில் மீனவர். ஒவ்வொரு நிலமும் ஒரு தொழிலைக் கொடுக்கிறது, தொழில் ஒரு வாழ்க்கைமுறையைக் கொடுக்கிறது, இவர்கள் எல்லாரும் கொண்டுவந்து சேர்த்ததுதான் நகரம். நம் மாணவர்களுக்கு இந்தப் படத்தைக் காட்டினால் விளக்கமே தேவைப்படாது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கெடிஸுக்கும் தொல்காப்பியத்துக்கும் தொடர்பு எதுவும் இல்லை, ஆனால் நிலத்திலிருந்து தொழிலுக்கும் தொழிலிலிருந்து வாழ்க்கைக்கும் போகும் வழி நமக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழகிவிட்டது. நகரங்கள் பெருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் நிலைக்கு 'கானர்பேஷன்' என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தவரும் இவர்தான். 1915-ல் வந்த 'சிட்டீஸ் இன் எவொல்யூஷன்' என்ற அவருடைய நூலில் அது இருக்கிறது. சென்னையும் தாம்பரமும் ஆவடியும் இன்று இருக்கும் இருப்பைப் பார்த்தால் அந்தச் சொல்லின் தேவை விளங்கும்.

இந்தியாவோடு அவருக்கு உறவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1900-ல் பாரிஸ் உலகக் கண்காட்சியின்போது அவருக்கு உதவியாக வேலை பார்த்தவர்களில் ஒருவர் சகோதரி நிவேதிதா, நம் பாரதி குருவாகக் கொண்டாடிய அதே நிவேதிதா. இந்தியச் சமூகத்தைப் பார்க்கும் கண்ணைக் கூர்மையாக்கிக்கொள்ள கெடிஸின் முறை தனக்கு உதவியது என்று அவர் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

கெடிஸ் இங்கே வந்தது 1914-ல். சென்னை மாகாண ஆளுநராக இருந்த பென்ட்லண்ட் பிரபு ஸ்காட்லாந்து அமைச்சராக இருந்தவர், கெடிஸை முன்பே அறிந்தவர். உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், மாதிரிகள் அடங்கிய ஒரு பெரிய நகரமைப்புக் கண்காட்சியை கெடிஸ் ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டிக்கொண்டிருந்தார். அதை இங்கே கொண்டுவரச் சொல்லி அழைத்தார் ஆளுநர். கெடிஸ் ஒரு கப்பலில், கண்காட்சிப் பொருள்கள் 'கிளான் கிராண்ட்' என்ற இன்னொரு கப்பலில். அந்தக் கப்பலை அக்டோபர் மாதம் இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது ஜெர்மன் போர்க்கப்பலான எம்டன், ஒரு மாதம் முன்பு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டுவிட்டுப் போன அதே எம்டன்தான். பல வருடமாகச் சேர்த்தது எல்லாம் கடலுக்கடியில். பிரிட்டனில் இருந்த நண்பர்கள் கிடைத்ததை எல்லாம் திரட்டி மறுபடி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சி நடந்தே தீர்ந்தது. அப்போது அவருக்கு வயது 60.

கண்காட்சியை முடித்துக்கொண்டு மாகாணத்தின் ஊர்களைப் பார்க்கக் கிளம்பினார். மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம், கோயம்புத்தூர், பெல்லாரி, பெசவாடா (இன்றைய விஜயவாடா) என்று போன ஊர்களைப் பற்றியெல்லாம் 1915-ல் அறிக்கை கொடுத்தார். இதில் தஞ்சாவூரைப் பற்றி எழுதியதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நகரமைப்பு மாணவர்களுக்கு உலகம் முழுவதும் காட்டப்படும் ஒரு ஜோடி வரைபடம் அதிலிருந்து வந்ததுதான்.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் வீடுகள் நெருக்கமாக இருந்தன. சுகாதாரம் சரியில்லை, நோய் பரவுகிறது என்பது அதிகாரிகளின் கவலை. அந்தக் கவலை நியாயமானது. அதற்கு அவர்கள் கண்ட வழி, அந்தக் காலத்தில் எல்லா ஊருக்கும் போட்ட அதே வழி: வரைபடத்தின் மீது ஸ்கேலை வைத்து நேர்கோடாகச் சில அகலமான தெருக்களை இழுப்பது, குறுக்கே வரும் வீடுகளை இடிப்பது. காகிதத்தில் பார்த்தால் சுத்தமாக இருக்கும். கெடிஸ் அந்த இடத்துக்கே போய் சந்து சந்தாக நடந்து பார்த்துவிட்டு வேறொரு வரைபடம் போட்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் புரியும். அதிகாரிகளின் படத்தில் முதலில் கண்ணில் படுவது சாலை. கெடிஸின் படத்தில் சாலையே தெரியாது, சின்னச் சின்ன வெற்றிடங்கள்தான் தெரியும். எங்கே ஏற்கெனவே ஒரு காலிமனை இருக்கிறது, எங்கே ஒரு வீடு தானாகவே இடிந்து கிடக்கிறது, எந்தச் சந்து முட்டி நிற்கிறது, எந்தக் கோயில் முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார். பிறகு மிக மோசமான ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்து, முட்டி நிற்கும் சந்தைப் பக்கத்துச் சந்தோடு இணைக்கிறார். காலிமனைகளைச் சேர்த்து ஒரு சிறு திடலாக்கி மரம் வைக்கச் சொல்கிறார். அவ்வளவுதான். காற்று வருகிறது, வெளிச்சம் வருகிறது, குழந்தைகள் விளையாட இடம் வருகிறது, பெரும்பாலான குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. செலவும் அதிகாரிகளின் திட்டத்தில் ஒரு சிறு பங்குதான், ஏனென்றால் நகரமைப்பில் பணத்தை விழுங்குவது வீட்டை இடிப்பதற்குக் கொடுக்கும் நஷ்டஈடு. இந்த முறைக்கு அவர் வைத்த பெயர் 'கன்சர்வேட்டிவ் சர்ஜரி'. உயிரைக் காக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் கத்தி வைப்பது.

இது சுலபமான வேலை இல்லை என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். ஆபீசில் உட்கார்ந்து ஸ்கேலால் செய்ய முடியாது, பொறுமையாக நீண்ட நேரம் ஆராய வேண்டும், கால் வலிக்க நடந்து அந்த இடத்திலேயே வரைய வேண்டும், பிராமணரோ வெள்ளைக்காரரோ சகித்துப் பழகாத காட்சிகளுக்கும் நாற்றங்களுக்கும் நடுவே நிற்க வேண்டும் என்கிறார். இந்த வரியை நான் ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் வாசித்துக் காட்டுவதுண்டு. கணினியில் வரைபடங்களை அடுக்கி ஆராயும் ஜிஐஎஸ்ஸும் ட்ரோன் படமும் வந்த பிறகும் இதற்கு மாற்று வரவில்லை. ஒரு சந்தில் மாலை நேரத்தில் யார் திண்ணையில் உட்காருகிறார்கள், பெண்கள் எந்த வழியாகத் தண்ணீருக்குப் போகிறார்கள், எந்தத் திருப்பத்தில் யாரும் நிற்பதில்லை என்பதெல்லாம் மேலிருந்து எடுக்கும் படத்தில் விழாது.

குறுகிய சந்து என்றாலே கெட்டது என்ற எண்ணத்தை அவர் ஏற்கவில்லை. வெயில் ஊரில் சந்து நிழல் தருகிறது. சந்துக்குப் பின்னால் முற்றம் இருக்கிறது, முற்றத்தில் காற்றும் வெளிச்சமும் இருக்கின்றன. அகலமான நேர்த்தெரு புழுதியையும் வெக்கையையும்தான் கொண்டுவரும். தஞ்சாவூர் மேலவீதி, வடக்குவீதிப் பக்கம் சித்திரை மாதத்து மத்தியானத்தில் போய், ஒரு சந்துக்குள் நுழைந்து பாருங்கள். அவர் சொன்னது உடம்பிலேயே தெரியும்.

குளங்களைப் பற்றியும் அதே போராட்டம். கொசு வளர்கிறது, மலேரியா வருகிறது, ஆகவே குளங்களைத் தூர்த்துவிட வேண்டும் என்று சுகாதார அதிகாரிகள் நாடெங்கும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெடிஸ் உயிரியல்காரர் ஆயிற்றே, மீனும் வாத்தும் விட்டால் கொசுப் புழுவை அவை தின்றுவிடும், குளத்தைச் சுத்தமாக வையுங்கள், தூர்க்காதீர்கள் என்று எழுதினார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, மழைவெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தாவரவியல் படித்த கண் நகரத்தில் எங்கே உதவும் என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் இந்த ஒன்றே போதும். சிவில் படித்தவருக்கு வடிகால் தெரிந்த இடத்தில் இவருக்கு உணவுச் சங்கிலி தெரிந்தது.

சென்னை மாகாணத்தில் இந்த வேலைகளின் தொடர்ச்சி அரசு மட்டத்திலும் இருந்தது. அவரோடு தொடர்புடைய லான்செஸ்டர் என்ற கட்டடக் கலைஞர் நகரமைப்பு ஆலோசகராக வந்தார். 1920-ல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் வந்தபோது அதில் தங்கியது மனைப்பிரிவும் சாலை அகலமும்தான். நடந்து பார்ப்பதைச் சட்டத்தில் எழுத முடியாது.

இதற்குப் பிறகு வடக்கே போனார். லக்னோ, லாகூர், பரோடா, கபுர்தலா, பல்ராம்பூர், டாக்கா என்று பத்து வருடத்துக்குள் ஏறத்தாழ 50 ஊர்களுக்கு அறிக்கைகள். 1921-ல் கொழும்புக்கும் ஒன்று. 1917 அவருக்குக் கொடிய வருடம். மகன் அலாஸ்டர் பிரான்ஸ் போர்முனையில் ஏப்ரலில் இறந்தார். அந்தச் செய்தி வந்தபோது அன்னா இந்தியாவில் காய்ச்சலில் கிடந்தார். அவரிடம் சொல்லவே இல்லை. சில வாரங்களில் கல்கத்தாவில் அன்னாவும் இறந்தார். ஜேம்ஸ் கோர்ட் படிக்கட்டைக் கழுவியதிலிருந்து முப்பது வருடம் கணக்கு வழக்கையும் விடுதிகளையும் தாங்கியவர் அன்னாதான். கெடிஸ் தொடங்கிய பல காரியங்கள் நிலைத்ததற்கு அவர் காரணம். துறை வரலாற்றில் அவர் பெயரை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

அதே வருடத்தின் கடைசியில் இந்தூரில் நடந்ததுதான் அவருடைய இந்திய வேலைகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது. ஊரில் பிளேக். எலிதான் காரணம் என்று தெரியும், ஆனால் அதிகாரி வந்து வீட்டைச் சுத்தம் செய் என்றால் மக்கள் பயந்து கதவைச் சாத்துகிறார்கள். கெடிஸ் ஹோல்கர் மகாராஜாவிடம் போய், ஒரு நாள் மட்டும் என்னை ராஜாவாக இருக்க விடுங்கள் என்று கேட்டார். தீபாவளிக்கு ஒரு பெரிய ஊர்வலம் அறிவித்தார். எந்தத் தெருக்கள் நன்றாகச் சுத்தமாகி இருக்கின்றனவோ அந்தத் தெருக்கள் வழியாகத்தான் ஊர்வலம் வரும் என்றார். தெருவுக்குத் தெரு போட்டி வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வண்டிக் குப்பை வெளியே போனது, வீடுகளுக்கு வெள்ளையடித்தார்கள், எலிப்பொறி வைத்தார்கள். ஊர்வலத்தில் யானை, குதிரை, விவசாயம், கைத்தொழில் எல்லாம் வந்தன. அழுக்கு அரக்கனும் கொசுவும் பெரிய எலியும் பொம்மைகளாக வந்தன. பின்னால் நகரத்தையே ஒரு தேவியாக அலங்கரித்த ரதம். துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையில், பூச்சூடிய வண்டிகளோடு, மரியாதையோடு நடந்தார்கள். முடிவில் அரக்கனுக்கும் எலிக்கும் தீவைத்தார்கள். வீடுகளுக்குத் துளசிச் செடி கொடுத்தார்கள். சுத்தமாகப் பராமரிக்கும் முற்றத்தில்தானே துளசி நிற்கும்.

இதை வெறும் வேடிக்கையாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்று சமூகப் பங்கேற்புத் திட்டமிடல் என்று நாம் பாடம் நடத்துவதும், மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று கல்யாண மண்டபத்தில் நாற்காலி போட்டுச் சம்பிரதாயத்துக்கு நடத்துவதும் எங்கே நிற்கின்றன, 1917-ல் அவர் செய்தது எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். மக்களுக்குத் தெரிந்த பண்டிகைக்குள் போய், அவர்கள் கையாலேயே வேலையைச் செய்ய வைத்தார். அடுத்த வருடம் இந்தூருக்கு அவர் கொடுத்த இரண்டு பாக அறிக்கைதான் அவருடைய இந்திய அறிக்கைகளில் முழுமையானது. கழிவுநீருக்குப் பெருஞ்செலவில் குழாய் புதைப்பதை விட்டு, அதைத் தோட்டத்துக்கு உரமாக்குங்கள் என்று அதில் வாதாடினார்.

1919-ல் டண்டியிலிருந்து விடைபெற்றார். கடைசிச் சொற்பொழிவில், இலைகளால்தான் நாம் வாழ்கிறோம் என்றார். நகரம் நகரம் என்று அலைந்தவர் முப்பது வருடம் கழித்தும் தாவரவியல்காரராகவே பேசினார். அதே வருடம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல், குடிமையியல் துறையின் முதல் பேராசிரியரானார். 1924 வரை இருந்தார். இந்தியச் சமூகவியலின் முன்னோடியான ஜி.எஸ்.குர்யே அங்கே அவரிடம் வந்தவர்தான். அவரை மேல்படிப்புக்கு இங்கிலாந்து அனுப்பியதில் கெடிஸுக்குப் பங்கு உண்டு. இந்தியாவில் சமூகவியலும் நகரமைப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்த சில வருடங்கள் அவை. பிறகு இரண்டும் வேறு வேறு கட்டடங்களுக்குப் போய்விட்டன. அது நமக்கு நஷ்டம்.

1925-ல் டெல் அவிவ். யாஃபா என்ற பழைய அரபுத் துறைமுக நகரத்தை ஒட்டி வளர்ந்துகொண்டிருந்த புதிய யூதக் குடியிருப்புக்கு, ஒரு லட்சம் பேருக்கான திட்டம் கேட்டார்கள். பெரிய சாலைகள் குறைவு. அவற்றுக்கு நடுவே பெரிய பெரிய பிளாக்குகள், ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் வேகமாக வண்டி போக முடியாத குறுகிய தெருக்கள், மையத்தில் ஒரு சிறு பொதுத் தோட்டம். அவருடைய வரைபடங்களில் பெருமளவு நிறைவேறியது இது ஒன்றுதான். அதன் மீது பின்னால் எழுந்த வெள்ளைக் கட்டடங்களோடு அந்தப் பகுதி 2003-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. தஞ்சாவூரில் இருக்கிற ஊரைக் காப்பாற்றப் பாடுபட்டவரின் பெயர், புதிதாக எழுந்த ஒரு நகரத்தின் வழியாக நிலைத்தது. அந்த மண்ணின் அரசியலைத் தவிர்த்துவிட்டு அந்த வரைபடத்தை மட்டும் பாராட்ட என்னால் முடிவதில்லை. பக்கத்திலிருந்த யாஃபாவின் அரபு மக்களில் பெரும்பாலோர் 1948 போரில் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததையும் மாணவர்கள் சேர்த்தே படிக்க வேண்டும்.

கடைசி வருடங்களைத் தென் பிரான்சின் மான்பெலியேயில் கழித்தார், அங்கும் மாணவர்களுக்காக ஒரு கல்லூரி கட்டிக்கொண்டே. 1932-ல் சர் பட்டம் வந்தது, அதே வருடம் ஏப்ரலில் இறந்தார். அமெரிக்க நகர அறிஞர் லூயிஸ் மம்ஃபோர்ட் தன் மகனுக்கே கெடிஸ் என்று பெயர் வைத்தார். அவரும் நண்பர்களும் 1923-ல் தொடங்கிய வட்டாரத் திட்டமிடல் சங்கத்தில் ஓடியது கெடிஸின் சிந்தனைதான். இந்திய அறிக்கைகள் பல பத்தாண்டு தூங்கின. 1947-ல் ஜாக்குலின் டிர்விட் என்ற பெண் திட்டமிடல் அறிஞர் அவற்றின் பகுதிகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் தஞ்சாவூர் வரைபடத்தைப் பார்த்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவர் பேசுவது தாடிக்குள்ளேயே போய்விடும், மாணவர்களுக்குக் காதில் விழாது. தொடங்கியதை முடிக்கமாட்டார். டன்ஃபர்ம்லின் ஊரில் ஒரு பூங்காவுக்கு யோசனை கேட்டார்கள், 1904-ல் ஊர் முழுவதற்கும் திட்டம் போட்டு ஒரு புத்தகமே கொடுத்தார். கேட்டவர்கள் அதை ஏற்கவில்லை. இந்தியாவில் அவர் யோசனை சொன்னது எல்லாம் ஆளுநர்களிடமும் மகாராஜாக்களிடமும்தான். அவர்கள் மாறினால் வேலையும் நின்றது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் கேள்வி வேறு. இருக்கிற ஊரை மதி, அதன் அமைப்பைக் கலைக்காதே என்பது அவர் முறை. ஆனால் நம் ஊர்களின் அமைப்பு சாதியால் ஆனது. அக்கிரகாரம் எங்கே, சேரி எங்கே, குளத்தின் எந்தக் கரையில் யார் இறங்கலாம் என்பதும் அந்த அமைப்புக்குள் இருக்கிறது. சந்தின் நிழலைக் காப்பாற்றும்போது அந்த எல்லைகளையும் சேர்த்துக் காப்பாற்றிவிடக் கூடாது. கெடிஸிடமிருந்து நடையையும் கவனிப்பையும் எடுத்துக்கொள்ளலாம். எதை வெட்ட வேண்டும் என்பதை நம் அரசியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

அதே நேரத்தில், சேரிகளை மொத்தமாக இடிப்பது சுகாதார வரலாற்றிலேயே மிகக் கேடான தவறுகளில் ஒன்று என்று அவர் எழுதியது இன்றும் பொய்க்கவில்லை. இடித்தால் அந்த மக்கள் காணாமல் போவதில்லை. பக்கத்தில் இருக்கும் வீடுகளில் போய் நெருக்குகிறார்கள், அங்கே வாடகை ஏறுகிறது, நெரிசல் முன்னைவிட அதிகமாகிறது. அல்லது ஊருக்கு வெளியே கொண்டுபோய் விடப்படுகிறார்கள். கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்களிடம் பேசிப் பாருங்கள். வீட்டு வேலைக்கும் மீன் விற்கவும் தினமும் இரண்டு பஸ் மாறி மறுபடி நகரத்துக்குள்ளேயே வர வேண்டியிருந்தது, பலருக்கு வேலை போனது, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நின்றது. இடம், தொழில், மக்கள் என்ற மூன்றில் இடத்தை மட்டும் பிய்த்தெடுத்தால் மற்ற இரண்டும் என்ன ஆகும் என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்.

இனி உங்கள் விஷயம். இன்றைக்கு எம்.பிளான் என்ற திட்டமிடல் முதுகலைப் படிப்பில் ஆர்க்கிடெக்சர், சிவில் பட்டதாரிகளோடு, புவியியல், பொருளியல், சமூகவியல் போன்றவற்றில் முதுகலை முடித்தவர்களையும் டெல்லி எஸ்.பி.ஏ. (திட்டமிடல், கட்டடக் கலைப் பள்ளி) உள்ளிட்ட சில நிறுவனங்கள் சேர்க்கின்றன. சுற்றுச்சூழல் திட்டமிடல் என்று தனிப் பிரிவும் உண்டு. ஆகவே பி.எஸ்சி.யோடு நேராகப் போவதைவிட, சூழலியலிலோ சுற்றுச்சூழல் அறிவியலிலோ புவியியலிலோ ஒரு முதுகலை முடித்துவிட்டுப் போங்கள். எந்தப் பட்டத்தை ஏற்பார்கள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும், சேருவதற்கு முன்பே அந்தந்த வருட அறிவிப்பைப் படித்துக்கொள்ளுங்கள். முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு எடுக்கும்போது தாவரவியலை விட்டுவிடாதீர்கள். நகரத்துக் குளங்கள், தெரு மரங்கள், ஆற்றங்கரைத் தாவரங்கள், வெப்பம் இவற்றை வரைபலகைக்காரர்களைவிட நீங்கள் நன்றாகப் படிக்க முடியும். அதைக் குடியிருப்போடும் தொழிலோடும் சேர்த்துப் படிப்பதுதான் நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியது. வரையவும் ஜிஐஎஸ் கையாளவும் ஒரு வருடம் உட்கார்ந்தால் வந்துவிடும்.

அதற்கு முன்னால், சேர்க்கைக்குக் காத்திருக்கும் மாதங்களிலேயே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரில் ஒரு குளத்தையும் அதைச் சுற்றியுள்ள நாலு தெருக்களையும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை, மத்தியானம், இரவு மூன்று வேளையும் நடங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வரத்துக்கால்வாய் மீது யார் வீடு, அவர்கள் ஏன் அங்கே கட்ட வேண்டி வந்தது, கரையில் என்ன மரம், எந்தக் காலிமனை யாருடையது, யார் எந்தப் படித்துறைக்கு வருவதில்லை என்று கேட்டு ஒரு வரைபடத்தில் குறியுங்கள். ஆட்களின் பெயரைக் குறிக்காதீர்கள், அது அவர்களுக்கு ஆபத்தாகலாம். நகராட்சியில் மாஸ்டர் பிளான் பிரதியைக் கேட்டு வாங்கி உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கெல்லாம் இரண்டும் ஒத்துப்போகவில்லையோ அங்கெல்லாம் உங்களுக்கு ஓர் ஆய்வுத் தலைப்பு இருக்கிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது அந்தப் படத்தைக் கையோடு கொண்டு போங்கள்.